கும்பிட வேண்டாம், படுக்கவைத்தால் போதும்

சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும், இந்திய விமான நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் சென்னையில் வீணை கற்றுக்கொடுப்பவள். இருபது ஆண்டுகளாக வீணையோடு விமானம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த மடலை எழுத வைத்தவர் சுமை ஏற்றும் ஓர் இளைஞர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விமான நிலையத்தில், பெரிய பெட்டிகளை ஒப்படைக்கும் தனி வாசலில் அவர் நின்றிருந்தார். என் பெட்டியைப் பார்த்து, "என்னம்மா இது?" என்று கேட்டார். "வீணை" என்றேன். சட்டென்று செருப்பிலிருந்து வலது காலை எடுத்துத் தரையில் வைத்தார். பெட்டியின் மூடியைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த நொடி அதைத் தூக்கி, வீணையின் உருண்டையான குடம் மேலே, மறுமுனையில் இருக்கும் யாளித் தலை கீழே என்று நெட்டுக்குத்தலாக நிறுத்தி, சுவரில் சாய்த்துவிட்டு அடுத்த பெட்டியை வாங்கப் போய்விட்டார்.

"தம்பி, படுக்கவையுங்கள்" என்று தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். சிரித்துக்கொண்டே வந்து படுக்கவைத்தார். பிறகு பெட்டி ரப்பர் திரைக்கு அப்பால் போய்விட்டது. அங்கே யார் இருந்தார்கள், அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

மரியாதைக்கு நம் ஊரில் குறைவே இல்லை. வீணை என்றால் சரஸ்வதி என்று ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெட்டியை எந்தப் பக்கமாக வைக்க வேண்டும் என்பதை அந்த இளைஞருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய மேலாளருக்கும் தெரியாது. மேலாளருக்கு மேலே இருப்பவரிடம் கேட்டால், "எங்கள் இணையதளத்தில் இருக்கிறது மேடம்" என்பார். இணையதளத்திலோ, எளிதில் உடையும் பொருளுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்ற ஒரு வரிதான் இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்ற நப்பாசைதான்.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்வது. குடம், நீண்ட கழுத்தான தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே கட்டையில் குடைந்து எடுத்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. என்னுடையது ஏகாந்தம். நாலடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், எட்டு கிலோ எடை. ஏழு தந்திகள், 24 மெட்டுகள். மெட்டு என்பது தந்தியை அழுத்தி ஸ்வரம் பிடிக்கும் உலோகக் கட்டை. ரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், நிலைபெற்ற வடிவம் இது. உங்கள் கைப்பை அளவுச் சட்டகத்துக்காக இனிமேல் அது குறுகப்போவதில்லை.

மெட்டுகள் எதன்மேல் நிற்கின்றன என்பதுதான் உங்களுக்கு முக்கியம். ஆணி கிடையாது, திருகு கிடையாது. தேன்மெழுகில் கரிப்பொடி கலந்து, தண்டியின் இரு பக்கமும் வரப்புப்போல் கட்டி, அதில் ஒவ்வொரு மெட்டாகப் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு இடம் திருத்துவார்கள். இதை மேளம் கட்டுவது என்போம். ஒரு நூல் அளவு நகர்ந்தால் காந்தார ஸ்வரம் காந்தாரமாக இருக்காது. இந்த வேலை தெரிந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே குறைந்துவருகிறார்கள். அமெரிக்காவில் போய் இறங்கி, இரவு எட்டு மணிக்கு, மறுநாள் கச்சேரிக்கு யாரைப் போய்த் தேடுவது?

சரக்கு அறையின் குளிரில் மரம் உறைந்து வெடித்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் ஆபத்து வானத்தில் இல்லை. பெட்டிகள் வைக்கும் அறையிலும் பயணிகள் அறையில் இருக்கும் அதே காற்றழுத்தம்தான். ஆபத்து தரையில். வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்றில் மாறும்போது, திறந்த வண்டியில், மே மாத வெயிலில், அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் இரண்டு மணி நேரம். தேன்மெழுகு உருக 60 பாகைக்கு மேல் வேண்டும், உண்மை. ஆனால் அதற்கு வெகு முன்பே அது இளகிவிடும். இளகிய மெழுகில் நிற்கும் மெட்டுக்கு ஒரு தட்டு போதும். மரத்துக்கு வேறொரு கஷ்டம்: சென்னையின் ஈரக் காற்றில் வளர்ந்தது, சில மணி நேரத்தில் வறண்ட காற்றுக்குப் போகிறது. பறக்கும் விமானத்துக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போவது சாதாரணம். இதற்கெல்லாம் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் தந்திகளைத் தளர்த்தி, தண்டிக்கு அடியில் மாட்டும் சுரைக்காயைக் கழற்றி, என் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகள் நான்கைச் சுற்றி அனுப்புகிறோம். தட்டும் தள்ளும் மட்டும் உங்களுடையவை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதம். நியூஜெர்சியில் என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு நள்ளிரவில் போய்ச் சேர்ந்தேன். எந்த நிறுவனத்தின் விமானம் என்பது இங்கே தேவையில்லை. பெட்டியின் வெளியே ஒரு கீறல், அவ்வளவுதான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் கூடத்தில் பாய் விரித்துப் பெட்டியைத் திறந்தேன். நான்கு புடவைகளையும் நான் நான்கு இடத்தில் வைத்திருந்தேன்: யாளியின் கழுத்துக்குக் கீழ் ஒன்று, தண்டிக்கு அடியில் ஒன்று, குடத்தைச் சுற்றி இரண்டு. இப்போது நான்கும் ஒரே பொட்டலமாக ஒரு மூலையில் கிடந்தன. சோதனைக்காக எங்கோ யாரோ திறந்திருக்கிறார்கள். திருப்பி வைக்கும்போது அடைத்திருக்கிறார்கள். ஒரு புடவையை உதறினேன். கருப்பாக, உடைத்த மிளகுபோல் எதுவோ பாயில் சிதறியது. மேளத்தின் மெழுகு. மேல் ஸ்தாயியில் ஐந்து மெட்டுகள் பல் ஆடுவதுபோல் ஆடின.

மெழுகுதானே, பார்த்துக்கொள்ளலாம் என்றாள் மாணவி. எனக்கும் அதே நினைப்புதான். முதல் தந்தியான சாரணியைப் பிரடையால், அதாவது முறுக்காணியால், மெல்ல முறுக்கிச் சுருதி ஏற்றினேன். குடமும் தண்டியும் சேரும் கழுத்தில் ஒரு தலைமுடி கிடப்பதாகத் தோன்றியது. விரலால் துடைத்தேன். போகவில்லை. பிரடையை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அந்த முடி அகன்றது. சுருதி ஏற ஏற அது வாய் திறந்தது. நான் பிரடையை விட்டுவிட்டேன்.

மறுநாள் இரவல் வீணையில் வாசித்தேன். பிறருடைய செருப்பைப் போட்டு நடப்பதுபோல் இருந்தது. கேட்டவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள், நல்ல மனிதர்கள்.

ஊர் திரும்பியதும் தஞ்சாவூருக்கு எடுத்துப் போனேன், ரயிலில்தான். இருபது ஆண்டுகளில் ஒரு ரயில் பயணத்தில்கூட என் வீணைக்கு ஒரு சிராய்ப்பு வந்ததில்லை என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன். வீணை செய்யும் ஆசாரி, விரிசலை நகத்தால் தடவிப் பார்த்தார். "நின்றவாக்கில் விழுந்திருக்கிறது" என்றார். அவருக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "ஒட்டித் தருகிறேன். சத்தமும் பெரிதாகக் குறையாது. ஆனால் இனிமேல் இதை ஏகாந்தம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்."

இனி உங்கள் தரப்பு. நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் கடிதத்தில் மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்று, உடையும் பொருள் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு, சேதம் பொருளின் தன்மையால் வந்தது. மூன்று, விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் நான் புகார் செய்யவில்லை.

என் மாணவி ஒருத்தியின் கணவர் வழக்கறிஞர். அவர் மாண்ட்ரியல் உடன்படிக்கையை எடுத்து வைத்து எனக்குப் பாடம் நடத்தினார். வெளிநாட்டுப் பயணங்களில் பயணியின் உரிமைகளை வகுக்கும் இந்த 1999ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது. மூன்றாவது காரணத்தை அது ஒரே வரியில் தள்ளுகிறது: பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தந்தால் போதும். நான் மூன்றாம் நாளே தந்திருந்தேன். பொருளின் இயல்பான குறையால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்பது சரி, 17ஆம் பிரிவில் இருக்கிறது. பலா மரம் கீழே விழுந்தால் விரிசல் விடும் என்பது மரத்தின் குறையா, விழவைத்தவரின் குறையா? கையெழுத்து விஷயம்தான் எனக்கு வியப்பு. உடன்படிக்கை சொல்லும் பொறுப்பிலிருந்து நிறுவனத்தை விடுவிக்கும் எந்த ஒப்பந்த வரியும் செல்லாது என்று 26ஆம் பிரிவு சொல்கிறதாம். அப்படியானால் அந்தச் சின்னச் சீட்டில், பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்க, எங்களிடம் எதற்காகக் கையெழுத்து வாங்குகிறீர்கள்?

கடைசியில் அடுத்த பயணத்துக்கு ஒரு சலுகைச் சீட்டு அனுப்பினார்கள். அதே வீணையோடு அதே விமானத்தில் ஏறலாம் என்பதற்கு.

உடன்படிக்கையில் இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். உள்நாட்டில் என்றால் நீங்களே வெளியிட்ட பயணிகள் சாசனத்தில் 20,000 ரூபாய் என்று இருக்கிறது. அந்தத் தொகையில் எனக்கு ஒரு நல்ல பெட்டி கிடைக்கும். உள்ளே வைக்க வீணை கிடைக்காது.

ஆனால் இதற்கு ஒரு வழியையும் உடன்படிக்கையே சொல்லியிருக்கிறது. பெட்டியை ஒப்படைக்கும்போதே இதன் மதிப்பு இவ்வளவு என்று அறிவித்து, கேட்கிற கூடுதல் கட்டணத்தைக் கட்டிவிட்டால், வரம்பு அந்த மதிப்புக்கு உயரும். இயக்குநரகத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. டிக்கெட் விலைக்கு மேல் எவற்றுக்கெல்லாம் தனிக் கட்டணம் வாங்கலாம் என்று நீங்கள் நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கும் பட்டியலில் இரண்டு இனங்கள் இருக்கின்றன: இசைக்கருவி எடுத்துச் செல்வது, மதிப்புள்ள பெட்டிக்கான சிறப்பு அறிவிப்பு. அதாவது எங்களிடம் காசு வாங்கலாம் என்பது எழுத்தில் இருக்கிறது. வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது இல்லை.

அடுத்த முறை போனபோது கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "மதிப்பு அறிவிக்க விரும்புகிறேன், படிவம் கொடுங்கள்" என்று கேட்டேன். மிகவும் பொறுமையான பெண். ஐந்து நிமிடம் கணினித் திரையில் தேடினாள். பக்கத்துக் கவுண்டரில் கேட்டாள். யாருக்கோ போன் செய்தாள். பிறகு திரும்பி, "அப்படி ஒரு பட்டனே இல்லை மேடம்" என்றாள்.

வீணைக்குத் தனி இருக்கை வாங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வாங்கியிருக்கிறேன். டெல்லி கச்சேரி ஒன்றுக்கு, உள்நாட்டுப் பயணம், இரண்டு டிக்கெட். தொலைபேசியில் பேசி, அளவு சொல்லி, மின்னஞ்சலில் ஒப்புதலும் வாங்கிக் கையில் வைத்திருந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. விமானத்தின் வாசலில் இருந்தவர் கடிதத்தைப் படித்தார், வீணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதைக் கட்ட பெல்ட் போதாது" என்றார். நீட்டிப்பு பெல்ட் விமானத்திலேயே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பருமனான பயணிகளுக்குக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. வீணை கீழே போனது. என் பக்கத்து இருக்கை டெல்லி வரை காலியாக வந்தது. அன்று அதற்கு எதுவும் ஆகவில்லை. அதனால் அதைப் பற்றி நான் புகாரும் செய்யவில்லை. எங்களைப் போன்றவர்கள் எதற்குப் புகார் செய்வோம் என்பதற்கே ஓர் அளவுகோல் உண்டாகிவிட்டது.

இதற்கு நேர்மாறும் நடந்திருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு விமானத்தில், தலைமைப் பணிப்பெண் ஒருவர், நான் கேட்காமலேயே, முன்பக்கத்தில் பணியாளர் கோட்டு மாட்டும் அலமாரியைத் திறந்து, தன் பையை வெளியே எடுத்துவிட்டு வீணையை உள்ளே வைத்தார். அவருடைய பாட்டி வீணை வாசிப்பாராம். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் என் வீணை பத்திரமாகப் போய்ச் சேர, விமானப் பணிப்பெண்ணின் பாட்டி வீணை வாசித்திருக்க வேண்டும் என்பது ஒரு போக்குவரத்து முறையா?

என் குறை இதுதான். ஒவ்வொரு முறையும் அன்றைக்கு யார் பணியில் இருக்கிறார்கள் என்பதே விதியாக இருக்கிறது. ஒருவர் கும்பிடுகிறார், ஒருவர் சிடுசிடுக்கிறார், ஒருவர் தன் பையை எடுத்துவிட்டு இடம் தருகிறார். எங்களுக்குச் சலுகை வேண்டாம், இலவசமும் வேண்டாம். எது முடியும், எது முடியாது, எவ்வளவு கட்டணம் என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ளும்படி எழுதி வையுங்கள். எழுதியதை வாசலில் நிற்பவர் மாற்ற முடியாதபடி செய்யுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். நான் ரயிலில் போகிறேன், அல்லது போகாமல் இருக்கிறேன்.

வேறு நாடு செய்யாத எதையும் கேட்கவில்லை. அமெரிக்காவில் 2012இல் விமானத் துறைச் சட்டத்திலேயே இசைக்கருவிக்கு ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதற்கான விதிகள் 2015இல் நடைமுறைக்கு வந்தன. வயலின் போன்ற சிறிய கருவியை, ஏறும் நேரத்தில் மேல் பெட்டியிலோ இருக்கைக்கு அடியிலோ இடம் இருந்தால், அந்நாட்டு நிறுவனங்கள் அனுமதிக்க வேண்டும். பின்னால் வருகிறவரின் சூட்கேஸுக்காக முதலில் வைத்த வயலினை இறக்கச் சொல்லக் கூடாது. பெரிய கருவிக்கு இருக்கை வாங்கினால், பாதுகாப்பாகக் கட்ட முடிந்து, பெட்டியோடு 165 பவுண்டுக்குள் இருந்தால், ஏற்றிக்கொள்ள வேண்டும். கீழே அனுப்புவதற்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 150 அங்குலம் வரை வாங்கிக்கொள்ள வேண்டும். எண்கள். எண்கள் இருப்பதால் வாசலில் நின்று யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அளவுநாடாவை எடுத்தால் போதும்.

உலகம் முழுவதும் செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற கருவியை வாசிப்பவர்கள் ஜன்னலோர இருக்கையில் செல்லோவை உட்காரவைத்து, பெல்ட் போட்டுக் கூட்டிப் போகிறார்கள். அவசர வாசல் வரிசையில் வைக்கக் கூடாது, மற்றவர் வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது, நியாயமான நிபந்தனைகள். மறைந்த அமெரிக்கச் செல்லோ கலைஞர் லின் ஹாரெல், செல்லோவுக்கும் முழு டிக்கெட் எடுப்பதால், அதன் பெயரிலும் விமான நிறுவனத்தின் சலுகைத் திட்டத்தில் பயண மைல்கள் சேர்த்துவந்தார். 2012இல் நிறுவனம் இருவரையும் அந்தத் திட்டத்திலிருந்து நீக்கியது. அது வேறு சண்டை. அந்தச் சண்டைக்கு வந்து சேரும் அளவுக்காவது எங்களை உயர்த்துங்கள் என்றுதான் தோன்றுகிறது. செல்லோவும் வீணையும் கிட்டத்தட்ட ஒரே நீளம். செல்லோ உட்காரும் இடத்தில் வீணையும் உட்காரும்.

வீணைக்காக மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கைப்பைக்கு நம் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் அளவு 55, 35, 25 செ.மீ., எடை ஏழு கிலோ. வயலின் பெட்டி 80 செ.மீ. நீளம். கச்சேரிக்குப் போகும் ஒவ்வொரு வயலின் கலைஞரும் விதிப்படி குற்றவாளி. கண்டும் காணாமல் விடுகிறவர்களின் தயவில் பறக்கிறார். மானாமதுரைக் கடம் எட்டு கிலோ வரும். மண்பானையைக் கீழே போடு என்கிறது உங்கள் தராசு. மிருதங்கக்காரர்களின் கதை தனி: கருவி கீழே போகட்டும் என்று ஒப்புக்கொண்டு, சுருதி சேர்க்கும் கல்லையும் கட்டையையும் மறந்து கைப்பையில் வைத்துவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் அது ஆயுதம். கூழாங்கல் ஒன்றுக்காக ஒரு வித்துவான் கால் மணி நேரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். சோதனை அதிகாரிக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. தம்புராவோ, போராட்டத்தை எப்போதோ விட்டுவிட்டது. அதன் இடத்தில் இப்போது மேடையில் சுருதி போடும் ஒரு சின்ன மின்னணுப் பெட்டி, இல்லாவிட்டால் கைப்பேசி. இதற்கு விமானம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியோடு ஐந்தடி நீளம் வரும் ஒன்றை யார் தூக்கிக்கொண்டு அலைவார்கள்?

வெளிநாட்டில் வீணைக்கு என்ன வேலை என்று ஓர் அதிகாரி ஒருமுறை உண்மையாகவே கேட்டார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. ஆண்டுதோறும் இங்கிருந்து கலைஞர்கள் அங்கே போகிறார்கள். மார்கழியில் அங்கே வளர்ந்த பிள்ளைகள் கருவியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வருகிறார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கொடுத்தோம், மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல். இந்த ஊரில்தான் இது பிறக்கிறது என்று அரசே முத்திரை குத்திய பொருளை, அந்த ஊரிலிருந்து வெளியே எடுத்துப் போக வழி சொல்வதும் அரசின் வேலைதானே.

தலையைக் கழற்றி மாட்டும் பயண வீணை இருக்கிறதே, மின்வீணை இருக்கிறதே என்பவர்களுக்கு: இருக்கின்றன, சில நன்றாகவும் இருக்கின்றன, என் மாணவர்கள் இருவர் வைத்திருக்கிறார்கள். யார் எதை வாசிப்பது என்பதை வாசிப்பவர் முடிவு செய்யட்டும். பெல்ட் நீளம் முடிவு செய்ய வேண்டாம்.

உங்கள் சிரமங்களும் தெரியாமல் இல்லை. ஒரு விமானம் வந்து திரும்பிப் போக அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. சுமை ஏற்றுபவர்கள் பெரும்பாலும் வேறொரு ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். இரவில் பத்து மணி நேரம் குனிந்து நிமிர்கிறவர்கள். அவர்களிடம் போய் இசை நுட்பம் பேசச் சொல்லவில்லை. கருவிக்கென்று ஒரு நிறத்தில் பட்டை, அதில் எந்தப் பக்கம் கீழே என்று ஓர் அம்புக்குறி, அதைக் கண்டால் கடைசியாக ஏற்றி முதலில் இறக்க வேண்டும் என்ற ஒரு வரி. இப்போது ஒட்டும் உடைந்த கண்ணாடிக் கோப்பைப் படத்தை ஊறுகாய் ஜாடியிலிருந்து அப்பளக் கட்டு வரை எல்லாவற்றிலும் ஒட்டுகிறீர்கள். அதற்கு இனி ஒரு மதிப்பும் இல்லை. சோதனைக்காகத் திறக்க வேண்டுமா, திறங்கள், ஆனால் எங்கள் கண் முன்னால் திறங்கள். நாங்கள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து நிற்கிறோம். திறப்பது மூன்று நிமிடம். அந்தப் புடவைகளைத் திருப்பி எங்கே வைப்பது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மதிப்பு அறிவிப்புக்கு ஒரு படிவமும், அந்தப் பெண்ணின் திரையில் ஒரு பட்டனும் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வரும் ஏப்ரலில் மறுபடி அழைப்பு வந்திருக்கிறது. ஒட்டிய வீணையைத்தான் எடுத்துப் போகப்போகிறேன்; ஆசாரி சொன்னது சரி, சத்தம் பெரிதாகக் குறையவில்லை. நான்கு புடவைகளையும் துவைத்து மடித்து வைத்தாயிற்று. டிக்கெட் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அதற்கு முன் ஒரு பதில் வேண்டும். பெட்டியின் வெளி அளவு: நீளம் 137 செ.மீ., அகலம் 45, உயரம் 43. மூன்றும் சேர்த்து 225. வீணையோடு எடை 19 கிலோ. இதை வாங்கிக்கொள்வீர்களா, எந்த வாசலில், எவ்வளவு கட்டணத்துக்கு?

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வீணை ஆசிரியை